நாலு கிலோமீற்றரும் ஒரு பெட்டிசமும்

பெப்ரவரி 20, செவ்வாய்

நீச்சல் போட்டிப் படிவத்தின் எட்டாவது கேள்வி: "நீச்சல் பயின்ற தடாகத்தின் பெயர்."

எழுவைதீவில் தடாகத்துக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீரையே குழாயடியில் வரிசையில் நின்று பிடிக்கிறோம். பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் "பாக்கு நீரிணை" என்று எழுதித் தொலைபேசியில் அனுப்பினேன்.

மத்தியானம், முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நீச்சல் மன்றத்தின் செயலாளர் கஜமுகன் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார்.

"மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸ், பகிடி விடாதேங்கோ. இது நாலு கிலோமீற்றர் கடல். எழுவைதீவில இருந்து அனலைதீவு மட்டும்."

"தெரியும் தம்பி. என்ர வீட்டுப் படலையில நிண்டாலே அனலைதீவு தெரியும்."

"தடாகச் சான்றிதழ் இல்லாட்டி எடுக்கேலாது. அதுதான் விதி."

ஆறு வயதில் அப்பா வள்ளத்திலிருந்து தள்ளிவிட்டு நீந்தப் பழக்கிய கடல் இது. எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. இந்தக் கடலில் நீந்த யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம்.

வாங்கி வருவேன்.

பெப்ரவரி 24, சனி

காலை லோஞ்சுப் படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். தடாகத்துத் தண்ணீர் மருந்து மணத்தது, கண் எரிந்தது. பயிற்சியாளர் நானூறு மீற்றர் நீந்தச் சொன்னார். நீந்தி முடித்துச் சுவரைப் பிடித்தபோது, "எங்க பழகினீங்கள்?" என்று கேட்டார். "வீட்டுக்குப் பின்னால" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பள்ளிக்கூட விடுதிக்குப் போய் மகள் செறினைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுக்கு என் தோளைத் தாண்டிவிட்டாள். "அம்மா, எத்தினையாவதா வருவீங்கள்?" என்று கேட்டாள். கரைக்கு வந்தால் போதும் என்றேன்.

மன்றத்தின் விதிப்படி தொளதொளவென்ற உடுப்போடு நீந்தக்கூடாது. உடலோடு ஒட்டியதாக, கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற ஒன்றை வாங்கினேன். நீலம், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதோடயோ?" என்றார்.

"இதோடதான்."

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். மடித்து இரும்புப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். போட்டிநாள்வரை வழக்கம்போல நீள ரீசேட்டும் லெகின்ஸும் போட்டுத்தான் நீந்துவேன். ஊர் வாய்க்கு நான் ஏன் இரை போடவேண்டும்?

ஒவ்வொருவரும் வழிகாட்டி வள்ளம் ஒன்றைத் தாங்களே கொண்டுவரவேண்டும். "நான் கொண்டு வாறன்" என்றார் அவர். எங்கள் வள்ளம்தானே.

பெப்ரவரி 27, செவ்வாய்

காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கினேன். ஒரு மணித்தியாலம். தோள் நோகிறது. முன்பள்ளியில் பதினொரு பிள்ளைகள், இரண்டு பேருக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. அவர் எஞ்சினுக்குப் பிளக் வாங்க ஊர்காவற்றுறை போய்ப் பின்னேர லோஞ்சில் வெறுங்கையோடு வந்தார். கடை பூட்டாம். சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டார்.

மார்ச் 4, திங்கள்

பேனையை அழுத்தி எழுதுகிறேன். எழுத்தே கோணலாக வருகிறது.

முன்பள்ளிகளின் இணைப்பாளர் வாமதேவி மிஸ் கல்விக் கந்தோரிலிருந்து அழைத்தார். என்மேல் பெட்டிசம் வந்திருக்கிறதாம். படம் எடுத்துத் தொலைபேசிக்கு அனுப்பினார். ரைப் அடித்த ஒரு பக்க முறைப்பாடு. பெயர் இல்லை, "பெற்றோர்" என்று மட்டும். பாலர்களுக்கு ஒழுக்கம் சொல்லித்தரவேண்டிய ஆசிரியை தவக்காலத்திலும் கடலில் குதிக்கிறாராம். மகளை விடுதியில் விட்டுவிட்டுத் தன் ஆசைக்கு ஆடுகிறாராம். காலையில் இரண்டு பச்சை முட்டை குடிக்கிறாராம். வெள்ளைக் கோடு போட்ட நீல உடுப்பை உடம்போடு ஒட்டப் போட்டுக்கொண்டு ஆண்களோடு நீந்தப் போகிறாராம். அப்படிப்பட்டவரிடம் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

இருபத்தோராம் திகதி விசாரணை.

யார் எழுதியது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பக்கத்து வளவு பிலோமினாக்கா. எங்கள் சேவல் அவர் முற்றத்துக்குப் போனதற்கே ஒரு மாதம் முகம் திருப்பியவர். வேலியின் ஓலைக் கிடுகு இற்றுப்போய் ஓட்டை விழுந்திருக்கிறது. அதால் பார்த்திருக்கிறார். நீல உடுப்பை நான் வெளியே எடுக்கவே இல்லை, உண்மைதான். ஆனால் பார்க்கவேண்டும் என்று இருக்கிற ஆள் எப்படியும் பார்க்கும். முட்டையைக்கூட எண்ணியிருக்கிறதே.

பின்னேரம் குழாயடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பிலோமினாக்காவும் நின்றார். சொல்லவேண்டியதைச் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதத் தேவையில்லை. அவர் பாதி நிரம்பிய வாளியோடு போய்விட்டார். குற்றம் செய்யாதவர் ஏன் போகவேண்டும்?

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரருக்கும் சொன்னேன். "விடு, பெரிசாக்காத" என்றார். இந்த மனுசனுக்குக் கோபமே வராதா?

மார்ச் 5, செவ்வாய்

பிலோமினாக்கா தண்ணீருக்கு வரவில்லை. வெட்கம் இருந்தால் நல்லது.

மார்ச் 7, வியாழன்

கோயிலில் தவக்காலக் கஞ்சி காய்ச்சும் முறைப் பட்டியலிலிருந்து பிலோமினாக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். "பெட்டிசம் எழுதின கை" என்று யாரோ சொன்னார்களாம். நான் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் நீந்தினேன். கோபத்தில் நீந்தினால் கை வேகமாகப் போகிறது.

மார்ச் 8, வெள்ளி

மருத்துவச் சான்றிதழைப் பிரதி எடுக்க ஊர்காவற்றுறை போனேன். துறைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கடை. பிரதி எடுப்பார்கள், ரைப்பும் அடிப்பார்கள். அங்கே நிற்கிற பிள்ளை சான்றிதழில் பெயரை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஸ்ரனி அண்ணையின்ர வீட்டுக்காரியோ? அண்ணை முந்தின கிழமை வந்து ஒரு கடிதம் அடிச்சவர். கீழ பேர் போடட்டோ எண்டு கேக்க, வேண்டாம், பெற்றோர் எண்டு போடு எண்டவர். அனுப்பியாச்சோ?"

"அனுப்பியாச்சு" என்றேன்.

பிரதிகளை வாங்காமல் வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை பின்னால் ஓடிவந்து தந்தாள்.

லோஞ்சில் வரும்போது நீலத்தையும் முட்டையையும் நினைத்தேன். அந்த உடுப்பை நான் போட்டபோது அறையில் இருந்தது ஒரே ஒரு ஆள். திங்கட்கிழமையே எனக்கு இது தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் குழாயடியில் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அவர் முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்காவற்றுறையில ரைப் அடிக்கிற பிள்ளை உங்களைச் சுகம் கேட்டது."

ஊசி நின்றது. மறுக்கவில்லை. அதுகூட ஒரு வகையில் எரிச்சலாக இருந்தது. மறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.

"ஏன்?"

"நான் சொன்னாக் கேக்கமாட்டாய். கந்தோர் சொன்னாக் கேப்பாய்."

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ? ஒருக்காவது வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?"

"சொல்ல வாய் வரேல்லை." வலையைப் பார்த்தபடியே பேசினார். "செறின் வளருறாள். வள்ளத்தில பொடியள் கதைக்கிறாங்கள்."

"என்ன கதைக்கிறாங்கள்?"

"அதை என்னண்டு உனக்குச் சொல்லுறது."

"அப்ப அவங்களுக்கெல்லோ பெட்டிசம் போட்டிருக்கவேணும். என்ர பிள்ளைகளின்ர பால்கஞ்சியில ஏன் மண் போட்டனீங்கள்?"

வலை ஊசியில் நூலைச் சுற்றத் தொடங்கினார். பதினாலு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட ஆள். என் முட்டையை எண்ணிக் கந்தோருக்கு அறிவித்திருக்கிறார்.

மார்ச் 9, சனி

அவருடைய வள்ளத்துக்குப் பின்னால் நீந்தமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஆரின்ர வள்ளம்?" என்றார். நல்ல கேள்விதான். எல்லா வள்ளமும் அவருடைய கூட்டாளிகளுடையவை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று பிலோமினாக்காவுடையது. புருசன் ஞானம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அக்காவே எஞ்சினைப் பிடித்து நண்டுவலைக்குப் போகிறார்.

மார்ச் 10, ஞாயிறு

பூசை முடிந்து நேரே அங்கே போனேன். படலைக்கு வெளியே கால் நின்றுவிட்டது. அவர் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், இருக்கச் சொல்லவில்லை.

"அக்கா, நீங்கள் எழுதேல்லை. எனக்குத் தெரியவந்திட்டுது."

"எனக்கு முந்தியே தெரியும், நான் எழுதேல்லை எண்டு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"குழாயடியில என்ன சொன்னனி? ஒருக்காத் திருப்பிச் சொல்லு."

என் பார்வை வீட்டுக்குள் போனது. உள்ளே கட்டிலில் ஞானம் அண்ணை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவருக்கு எல்லாம் கேட்கும், பேசத்தான் முடியாது.

"சொல்லமாட்டாய். அண்டைக்கு எட்டுப் பேருக்கு முன்னால சொன்னனி. 'படுத்த புருசனுக்குப் பீ அள்ளுற கையால பெட்டிசம் எழுதுறியோ' எண்டு கேட்டனி."

ஆம். அப்படித்தான் கேட்டேன். நாலாம் திகதி நான் எழுதாமல் விட்டது அதைத்தான்.

நண்டின் காலை மெதுவாக வலையிலிருந்து விடுவித்துக் கூடையில் போட்டார். "ஆர் எழுதினது?"

"தெரியாது அக்கா."

கூடையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வள்ளம்தானே வேணும்?"

நான் தலையாட்டினேன்.

"வாறன். முதல்ல நாளைக்குக் குழாயடிக்கு வா. சொன்ன இடத்தில வைச்சுத் திருப்பி எடு. உனக்காக எண்டு நினைக்காத. இஞ்ச இருந்து அனலைதீவுக்கு ஒரு பொம்பிளை நீந்திறதை எனக்கும் பாக்கவேணும்."

மார்ச் 11, திங்கள்

திருப்பி எடுத்தேன். எட்டுப் பேரும் நின்றார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "அப்ப ஆர் எழுதினது?" என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், என் மன்னிப்பு வள்ளத்துக்காகத்தான், எழுதியது இன்னும் பிலோமினாதான் என்பது எழுதியிருந்தது.

மார்ச் 14, வியாழன்

உடுப்பு தோய்த்தேன். செறின் அழைத்தாள், அப்பாவும் வருகிறாரா என்று கேட்டாள். அப்பாவுக்கு வேலை என்றேன். அவர் அடுத்த அறையில் இருந்தார்.

மார்ச் 16, சனி

தோளைத் தூக்க முடியவில்லை. கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறேன்.

இறங்குதுறையில் கொடி, ஒலிபெருக்கி, இளநீர். இருபத்துமூன்று பேர், அதில் நாங்கள் நாலு பெண்கள். நீல உடுப்போடு வீட்டிலிருந்து துறைவரை நடந்தேன். சால்வையால் போர்த்தவில்லை. வழியில் என் முன்பள்ளிப் பிள்ளை ஒன்று கை காட்டி "ரீச்சர் மீன் மாதிரி" என்றது. அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

ஆறரைக்கு ஆண்களை விட்டார்கள். எங்களை நிற்கச் சொன்னார்கள். ஆண்களின் கைகால் அடிபடாமல் இருக்கப் பெண்கள் கால் மணித்தியாலம் பிந்திப் புறப்படவேண்டுமாம். கரை சேரவேண்டிய கடைசி நேரம் எல்லாருக்கும் ஒன்று, எட்டே முக்கால்.

"அப்ப எங்களுக்குக் கால் மணித்தியாலம் குறையுதே?" என்று கேட்டேன்.

"உங்கட பாதுகாப்புக்குத்தான் மிஸிஸ்" என்றார் கஜமுகன்.

இந்தப் பாதுகாப்பை யார் கேட்டது? ஆறே முக்காலுக்குக் குதித்தேன்.

முதல் ஒரு கிலோமீற்றர் தெளிந்த தண்ணீர். அடியில் கடற்புல் சாய்ந்து கிடந்தது தெரிந்தது. பிலோமினாக்கா எனக்கு வலப்பக்கம், எஞ்சினை மெதுவாக விட்டபடி வந்தார். நடுவில் ஆழம். அங்கே நீர் வடக்கே இழுத்தது. தலையைத் தூக்கும்போதெல்லாம் அனலைதீவுப் பனைகள் இடம் மாறி நின்றன. "இடப்பக்கம் பிடி, இன்னும் இடம்" என்று அவர் குரல் மட்டும் வரும். கழுத்தில் கண்ணாடிபோல மிதந்த சொறிமுட்டை பட்டுத் தீப்போல எரிந்தது. உடுப்பு மூடிய இடமெல்லாம் தப்பியது. அந்த உடுப்பின் குணத்தைப் பெட்டிசத்தில் எழுத மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது கிலோமீற்றரில் வலது கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிட்டது. மல்லாந்து மிதந்தேன். வள்ளம் கை எட்டும் தூரத்துக்கு வந்தது. தொட்டால் போட்டி முடிந்தது. பிலோமினாக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு விளிம்பில் குனிந்தார்.

"பிடிக்கிறதெண்டாப் பிடி. ஆரும் குறை சொல்லாயினம்."

"மாட்டன்."

"அப்ப காலை நீட்டிப் பெருவிரலை இழு." இழுத்தேன். உயிர் போய் வந்தது. அவர் பொறுத்திருந்தார். அலை வள்ளத்தின் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு, சந்தையில் மீன் விலை கேட்பதுபோலக் கேட்டார்:

"ஆர் எழுதினது?"

வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நடுக்கடலில் பொய் சொல்ல மூச்சுப் போதாது.

"அவர்தான் அக்கா."

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"பெட்டிக்குள்ள கிடக்கிற உடுப்பைப் பாத்து எழுதினனி எண்டு நீ குழாயடியில கத்தேக்குள்ளயே. ஓட்டை வேலியால என்ர கண்ணுக்கு உன்ர இரும்புப் பெட்டி தெரியுமோ? உன்ர வாயால வரட்டும் எண்டு இருந்தனான்." எஞ்சின் கயிற்றை இழுத்தார். "சரி, கிடந்தது காணும். நீந்து."

நீந்தினேன். அதற்குப் பிறகு உடம்பில் எது நொந்தது, எது நோகவில்லை என்று தெரியாது. மணல் கையில் தட்டுப்பட்டபோது எழும்பி நிற்க முடியவில்லை, தவழ்ந்தேன். கரையில் செறினின் விடுதிச் சிஸ்ரர் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார். அதில் ஒன்று செறின். "அம்மா" என்று ஓடிவந்து உப்புத் தண்ணீரோடு கட்டிக்கொண்டாள்.

கஜமுகனின் கடிகாரத்தில் எட்டு நாற்பத்தெட்டு. "மூண்டு நிமிசம் பிந்திட்டுது மிஸிஸ். பதக்கம் இல்லை. பங்குபற்றின சான்றிதழ் தருவம்."

"ஆறே முக்காலுக்கு விட்டனீங்கள். ரெண்டு மணித்தியாலம் மூண்டு நிமிசத்தில வந்திருக்கிறன். முன்னுக்கு விட்டவைக்கு ரெண்டே கால் மணித்தியாலம் குடுத்தனீங்கள். கணக்கை நீங்களே சொல்லுங்கோ."

"விதியை நான் மாத்தேலாது."

பிலோமினாக்கா முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். "தம்பி, அந்த விதியை எழுதின ஆள் எப்பவாவது உந்தக் கடலில இறங்கினவரோ?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஜமுகன் ஒலிபெருக்கியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

நாலு பெண்களில் இரண்டு பேர் பாதியில் வள்ளத்தில் ஏறியிருக்கிறார்கள். ஒருத்திக்குப் பதக்கம், கொழும்பிலிருந்து வந்த பிள்ளை. எனக்குக் கடதாசி. அதிலும் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் எண்ணெய் காய்ச்சி வாசலில் வைத்திருந்தார், தோளுக்குப் பூச. நானே பூசிக்கொண்டேன்.

மார்ச் 21, வியாழன்

விசாரணை முன்பள்ளி மண்டபத்தில். பெரிய கதிரை இரண்டுதான். வாமதேவி மிஸ்ஸும் அவரோடு வந்த கிளார்க்கும் அவற்றில் இருந்தார்கள். மற்ற எல்லாரும் பாலர் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். தாய்மார் பதினொரு பேர், கோயில் சபையார் மூன்று பேர். பிலோமினாக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த கதிரைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. என் வீட்டுக்காரர் வெளியே பூவரசுக்குக் கீழே நின்றார்.

மிஸ் பெட்டிசத்தை வாசித்தார். பிள்ளைகளைப் பற்றித் தாய்மாரிடம் கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு, "இதை எழுதினது ஆரெண்டு இஞ்ச ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டார். பதினாலு தலையும் பிலோமினாக்கா பக்கம் திரும்பின. அவர் மடியில் கை வைத்தபடி நேரே சுவரில் இருந்த அகர வரிசைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கடலில் நான் சொன்ன பெயரை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் யன்னலால் வெளியே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வாருங்கோ, நீங்களே வந்து சொல்லுங்கோ என்று நினைத்தேன். ஐந்தாறு மூச்சு விடும் நேரம் பார்த்திருப்பேன். அவர் தலையைக் குனிந்து பூவரசம் இலை ஒன்றைக் கிழிக்கத் தொடங்கினார்.

எழும்பினேன். "எனக்குத் தெரியும் மிஸ். என்ர மனுசன்."

ஒருத்தி "அட கடவுளே" என்றாள். வாமதேவி மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். நான் தொடர்ந்தேன். "பிலோமினாக்கா எழுதினவ எண்டு நான்தான் ஊருக்குச் சொன்னனான். அது பொய். ரெண்டரைக் கிழமையா இவ அந்தப் பொய்யைச் சுமந்தவ. இதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

கிளார்க் எழுதினார். சபையாரில் ஒருவர் எழும்பிப்போய் பிலோமினாக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். யன்னலுக்கு வெளியே பூவரசு மட்டும் நின்றது.

கடைசியில் மிஸ் ஒரு தாளைத் தந்தார். வேலை போகாதாம். ஆனால் மேலிடத்துக்கு ஏதாவது காட்டவேண்டுமாம். "இனிமேல் இவ்வாறான நிகழ்வுகளில் பங்குபற்ற மாட்டேன் என உறுதியளிக்கிறேன்." கீழே கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்பினால் போதும்.

"நான் என்ன பிழை செய்தனான் மிஸ்?"

"பிழை எண்டு ஆரும் சொல்லேல்லை. சும்மா ஒரு உறுதி."

வீட்டில் அவர் சாப்பிடாமல் இருந்தார். "சபையில வைச்சுச் சொல்லிப்போட்டாய்" என்றார்.

"நீங்கள் எழுதினதும் சபைக்குத்தானே வந்தது."

"எங்க போய் முகத்தை வைக்கிறது இனி?"

"நான் வைச்ச இடத்திலதான். குழாயடியில."

மார்ச் 22, வெள்ளி

காலை முழுக்க அந்தத் தாள் மேசையில் கிடந்தது. கஞ்சி காய்ச்சப் போகுமுன் பேனையை எடுத்து "பங்குபற்ற மாட்டேன்" என்பதை வெட்டினேன். மேலே "பங்குபற்றுவேன்" என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டுகிற உருண்டை எழுத்தில், எல்லாருக்கும் வாசிக்கக்கூடியதாக. கீழே முழுப்பெயரையும் போட்டேன்: யூஜினி ஸ்ரனிஸ்லாஸ். இதனால் வேலை போகலாம். போனால் நண்டு கழற்றப் போவேன். பிலோமினாக்காவுக்கு ஒரு கை தேவைதான்.

வீட்டுக்காரர் நண்டு கொண்டு ஊர்காவற்றுறை போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். உறையை ஒட்டாமல் நீட்டினேன்.

"வாசிச்சுப்போட்டுத் தபாலில போடுங்கோ."

படலையில் நின்று வாசித்தார். நெடுநேரம் வாசித்தார், அது ஒரே ஒரு வசனம். மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். துறையில் அவருடைய கூட்டாளிகள் நின்றார்கள். பேச்சு நின்றது எனக்கு இங்கேயே தெரிந்தது. அவர்களைத் தாண்டி நடந்துபோய் லோஞ்சின் முன்பக்கத்தில் தனியே இருந்தார்.

பின்னேரம் வந்தார். கேட்காமலே பதிவுத்தபால் பற்றுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். சாதாரண தபாலில் போடத்தான் காசு கொடுத்திருந்தேன், மிச்சத்தை அவரே போட்டிருக்கிறார்.

பற்றுச்சீட்டை இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு அவரோடு கதைப்பேன். இன்றைக்கு இன்னும் கோபம் இருக்கிறது.